மேசைக்கு அந்தப் பக்கம்: காஸ்டிங் டைரக்டர் ஒருவர் நடத்தும் திரை நடிப்பு வகுப்பு

மேடை நாடகத்தில் ஒன்பது ஆண்டுகள் நடித்தவன் நான். திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் நடக்கும் ஆடிஷன்களுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். சிறிய வேடங்கள் இரண்டு கிடைத்தன. மற்ற எல்லா இடங்களிலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்ற பதிலோடு திரும்பி வந்தேன். எனக்கு நடிக்கத் தெரியவில்லையா, ஆடிஷன் கொடுக்கத் தெரியவில்லையா என்ற கேள்வி நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. காஸ்டிங் டைரக்டர் ஒருவரே முன்நின்று நடத்தும் திரை நடிப்பு வகுப்பு பற்றிக் கேள்விப்பட்டவுடன் அதில் சேர்ந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம். வாரத்துக்கு ஒரு நாள், மூன்று மணி நேரம், மொத்தம் எட்டு வாரம். வகுப்பு முடிந்து சில மாதங்கள் ஆகிவிட்ட நிலையில், எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்று சொல்லும் தெளிவு வந்திருப்பதாக நினைக்கிறேன்.

இந்த வகுப்பு நடிப்பை அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தருவதில்லை என்பதைச் சேர நினைப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் காட்சியில் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், அதை அடைய விடாமல் தடுப்பது எது, காட்சி தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு அவன் எங்கிருந்து வந்தான் என்று ரஷ்ய நாடக மேதை ஸ்டானிஸ்லாவ்ஸ்கி காலம் தொட்டு நடிப்புப் பள்ளிகள் கேட்டுவரும் கேள்விகளை நீங்கள் ஏற்கெனவே கேட்டுப் பழகியவர் என்று பயிற்சியாளர் எடுத்துக்கொள்கிறார். அந்தப் பழக்கமே இல்லாமல் எங்களுடன் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் முதல் மூன்று வாரங்கள் மிகவும் தடுமாறினார்கள். அவர்களுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கப்படவும் இல்லை. சேர்க்கையின்போதே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

காஸ்டிங் டைரக்டரின் வேலை என்னவென்று நடிகர்களிலேயே பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை. திரைக்கதையைப் படித்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொருந்தக்கூடியவர்களைத் தேடி, அழைத்து, நடிக்க வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு சிலரை மட்டும் இயக்குநர் முன் நிறுத்துகிறவர் அவர். முடிவு பெரும்பாலும் இயக்குநர், தயாரிப்பாளர் கையில்தான் இருக்கிறது. இந்தப் பணிக்குரிய மரியாதையைத் தரத் திரையுலகம் வெகுகாலம் எடுத்துக்கொண்டது. லின் ஸ்டால்மாஸ்டருக்கு 2016-இல் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டபோதுதான் ஒரு காஸ்டிங் டைரக்டர் முதன்முறையாக அந்தப் பெருமையைப் பெற்றார். பிரிட்டனின் பாஃப்டா இந்தப் பணிக்கான விருதை 2020-இல்தான் வழங்கத் தொடங்கியது. ஆஸ்கரில் 2025-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் இதற்குத் தனிப் பிரிவு வந்தது. இவர்கள் ஒரு நடிகரைப் பார்க்கும் பார்வையும் தனியானது. நடிப்பு ஆசிரியர் உங்களை வளர்க்கப் பார்க்கிறார். இயக்குநர் தம் காட்சியைப் பார்க்கிறார். காஸ்டிங் டைரக்டரோ, இன்றைக்கு, இப்போது இருக்கிற நிலையில், இந்த வேடத்தில் உங்களை நம்பி ஒப்படைக்க முடியுமா என்று பார்க்கிறார். அந்தப் பார்வையை எங்களுக்குப் பழக்கிக் கொடுத்ததுதான் இந்த வகுப்பின் பலம். நான் சொல்லவிருக்கும் குறைகளையெல்லாம் தாண்டி இதைப் பரிந்துரைக்கவும் அதுவே காரணம்.

முதல் நாள் எங்களை நடிக்கவே விடவில்லை. ஒவ்வொருவரையும் கேமரா முன் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் லென்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். இடைவேளைக்குப் பிறகு அந்தத் துண்டுகளை வேறு படங்களோடு ஒட்டி மானிட்டரில் காட்டினார்கள். பூட்டிய கதவு ஒன்றைக் காட்டிய பிறகு என் முகம் வந்தபோது கவலையில் இருப்பவனைப் போலவும், உறங்கும் குழந்தையைக் காட்டிய பிறகு வந்தபோது கனிந்திருப்பவனைப் போலவும் தெரிந்தேன். இரண்டிலும் இருந்தது ஒரே துண்டு. நான் எதையுமே செய்திருக்கவில்லை. நூறாண்டுகளுக்கு முன் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை ஒரு சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒரு பெண்ணோடும் இணைத்துக் காட்டிய சோதனையைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். என் முகத்திலேயே அதைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. கடைசி வரிசைக்கும் உணர்ச்சி போய்ச் சேர வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகள் உழைத்த எனக்கு, காட்சியே பாதி வேலையைச் செய்துவிடும், அதன் மேல் நானும் ஏறி உட்காரக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை.

இரண்டாம் வாரம் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு இரண்டு பக்கக் காட்சி கொடுத்தார்கள். என்னுடையது, குடும்ப வீட்டை விற்றுவிட்ட செய்தியை அண்ணனிடம் சொல்ல வரும் ஒரு தம்பியின் காட்சி. வகுப்பு நண்பர் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் வசனங்களைப் படித்தார். வசனங்கள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது, கண் கலங்க வேண்டிய இடத்தில் கலங்கியது. முடிந்ததும் நன்றாகச் செய்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு இருந்தது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. ஒலியை அணைத்துவிட்டு அந்த டேக்கை முழுவதுமாக ஓடவிட்டார்.

ஒலி இல்லாமல் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அண்ணன் பேசும் இடங்களிலெல்லாம் என் உதடுகள் மிக மிக லேசாக அசைந்துகொண்டிருந்தன. அண்ணனின் வசனத்தை நானும் கூடவே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, என் முறை எப்போது வரும் என்று காத்திருந்திருக்கிறேன். அவருடைய கடைசிச் சொல்லுக்குச் சற்று முன்னதாகவே என் கண்கள் ஒருமுறை மேலே போய்த் திரும்பின. அடுத்த வசனத்தை எடுத்து வரப் போன கண்கள் அவை. "அண்ணன் பேசுறப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று மட்டும் பயிற்சியாளர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மேடையில் ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பழக்கத்தை யாரும் கவனித்துச் சொன்னதில்லை. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய வாய்ப்பும் இல்லை. குளோசப்பில் நெற்றியிலிருந்து முகவாய்வரை திரையை நிறைக்கும்போது, அதைத் தவிர வேறு எதுவும் தெரிவதில்லை.

பிறகு அதே காட்சியை மறுபடியும் செய்யச் சொல்லி, ஒரே ஒரு மாற்றம் தந்தார்: "வீட்டை வித்தது அண்ணனுக்கு நல்ல செய்தின்னு நீங்க மனசார நம்புறீங்க. அவரு கடன் தீந்துடும். அந்தச் சந்தோஷத்தோட சொல்லுங்க." வசனத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் அண்ணனின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தே தீர வேண்டிய நிலைக்கு நான் வந்துவிட்டேன்; அவர் மகிழவில்லை என்று தெரிந்தபோது எனக்கு உண்மையாகவே அதிர்ச்சியாக இருந்தது. முதல் டேக்கில் வரவழைத்த கண்ணீர் இதில் வரவில்லை. இரண்டாவது டேக்தான் நன்றாக இருந்தது என்று வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள்.

ஆடிஷனில் இப்படி மாற்றிச் செய்யச் சொல்வது ஏன் என்பதை அதன் பிறகு விளக்கினார். நாம் முதலில் செய்தது தவறு என்பதால்தான் மறுபடி கேட்கிறார்கள் என்று நினைத்துப் பல ஆடிஷன்களில் நான் மனம் சோர்ந்திருக்கிறேன். உண்மையில், பிடிக்காதவரிடம் இரண்டாவது டேக் கேட்பது பெரும்பாலும் நேர விரயம், பிடித்தவரிடம்தான் கேட்கிறார்கள். கேட்டதை வாங்கிக்கொண்டு வேறு விதமாகச் செய்ய இவரால் முடிகிறதா, அல்லது வீட்டில் கண்ணாடி முன் செய்து வைத்த ஒன்றை அச்சுப் பிசகாமல் திருப்பித் தருகிறாரா என்று பார்க்கிறார்கள். படப்பிடிப்பில் இயக்குநரோடு நாள்கணக்கில் வேலை செய்யப் போகிறவரைத் தேடும் இடத்தில் இது நியாயமான சோதனைதான். மாற்றம் சொன்னவுடன் தலையாட்டிவிட்டு அதே டேக்கைச் சற்றுச் சத்தமாகச் செய்வதுதான் மிகப் பரவலான பிழை என்று அவர் சொன்னபோது, வகுப்பில் பாதிப் பேர் குனிந்துகொண்டோம்.

கேட்பதைப் பழக்குவதற்காக மூன்றாம் வாரம் முழுவதும் மெய்ஸ்னர் முறையின் திரும்பச் சொல்லும் பயிற்சியில் கழிந்தது. நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸில் 1935 முதல் கற்பித்த சான்ஃபோர்ட் மெய்ஸ்னர் வளர்த்தெடுத்த பயிற்சி அது. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் மற்றவரிடம் காண்பதைச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். "கையைக் கட்டியிருக்கீங்க." "கையைக் கட்டியிருக்கேன்." முதல் ஐந்து நிமிடம் சலிப்புத் தட்டும். அதன் பிறகு எதிரில் இருப்பவரின் குரலில் ஏற்படும் சிறு மாற்றம்கூட நம் குரலை மாற்றத் தொடங்கும். அந்த இடத்துக்கு வந்து சேரும் பொறுமையோடு பயிற்சியாளர் எங்களை நடத்தினார். ஒரு வாரத்தில் இது கைவந்துவிடாது என்பதையும் மறைக்கவில்லை.

நான்காம் வாரம் தொழில்நுட்பம். தரையில் ஒட்டிய மார்க்கைக் குனிந்து பார்க்காமல் அதில் வந்து நிற்பது, மிட்ஷாட்டில் இயல்பாகத் தெரியும் தலையசைவு குளோசப்பில் ஃபிரேமை விட்டே வெளியேறிவிடுவது, தம்ளரை எந்தச் சொல்லில் எடுத்தோமோ அதே சொல்லில் ஒவ்வொரு டேக்கிலும் எடுப்பது என்று, பயனுள்ளவைதான் என்றாலும் அவசர அவசரமாக நடத்தப்பட்டன. டேக்குக்கு டேக் அசைவு மாறாமல் பார்த்துக்கொள்ளும் இந்தக் கன்டினியூட்டிக்காக மட்டுமே ஒரு முழு வகுப்பு தேவைப்பட்டிருக்கும்.

செல்ஃப் டேப்புக்கு ஒதுக்கிய ஐந்தாம் வாரம் அதைவிட நிதானமாக நடந்தது. 2020-இல் பெருந்தொற்று படப்பிடிப்புகளை முடக்கிய பிறகு, வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பும் டேப்தான் முதல் சுற்று என்பது பரவலான வழக்கமாகிவிட்டது. கைபேசியைக் கிடைமட்டமாக, கண் உயரத்தில் வைக்க வேண்டும். பின்னால் வெற்றுச் சுவர் போதும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும் என்பதால் அது முன்னால் இருக்க வேண்டும். இவற்றைப் பலரும் அறிந்திருப்பார்கள். நான் அறியாதிருந்தவை இரண்டு. எதிர் வசனம் படிக்கும் ரீடர் கைபேசிக்கு மிக அருகில் இருப்பதால், அவர் தன் குரலைத் தாழ்த்திப் படிக்காவிட்டால் பதிவில் அவர்தான் கதாநாயகன். அதைவிட முக்கியமானது, அவர் லென்ஸை ஒட்டி நிற்க வேண்டும் என்பது. நான் என் ரீடரை எப்போதும் நான்கடி தள்ளி நிறுத்தி வந்தேன். அதனால் இத்தனை காலம் நான் அனுப்பிய டேப்களிலெல்லாம் என் ஒரு கண்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது. அழகான விளக்கும் விலையுயர்ந்த கேமராவும் தேவையில்லை, கண்கள் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் ஒவ்வொருவருடைய பழைய டேப்பையும் போட்டுக் காட்டியே நிறுவினார்.

ஆறாம் வாரம் எங்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரும் ஒரே ஒரு பக்கக் காட்சியை வீட்டிலிருந்து டேப் செய்து அனுப்பியிருந்தோம். அவற்றை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் முடிந்தவுடன் ஆளுக்கொரு தாளில் "மறுபடி பார்க்கலாம்", "வேண்டாம்" என்று குறிக்கச் சொன்னார்கள். முதல் நான்கு டேப்களை நான் மிகுந்த அக்கறையோடு பார்த்தேன். ஏழாவது டேப்பில், வசனம் தொடங்குவதற்கு முன்பே என் பேனா நகர்ந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனால் அதுதான் நடந்தது. அத்தனை பேரும் ஒரே இடத்தில் பெருமூச்சு விட்டார்கள், ஒரே வாக்கியத்துக்கு முன் இடைவெளி விட்டார்கள், நான் உட்பட. பதினோராவதாக வந்த பெண் அந்த இடத்தில் எதுவுமே செய்யவில்லை. எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு, அது புரிய ஒரு கணம் எடுத்துக்கொண்டு, பிறகு பதில் சொன்னார். அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அந்த மாலையின் இன்னொரு பகுதி என் மனத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. எங்கள் தாள்களைக் கூட்டிப் பார்த்ததில் நான்கு பேர் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவரைத் தேர்வு செய்யச் சொல்லும்போது பயிற்சியாளர் ஒரு தகவலைச் சேர்த்தார்: இந்தப் பாத்திரத்தின் தாயாக நடிப்பவர் ஏற்கெனவே ஒப்பந்தமாகிவிட்டார், அவர் நெடிய உயரம் கொண்டவர். அவ்வளவுதான். எங்களில் பலர் அதுவரை முதலிடத்தில் வைத்திருந்தவரை விட்டுவிட்டு வேறொருவரைச் சொன்னோம். விடப்பட்டவர் எங்களோடு அதே அறையில்தான் இருந்தார்; தன் நடிப்பில் ஒரு குறையும் இல்லாமலேயே தான் விடப்பட்டதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, "இத்தனை வருஷமா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேங்க" என்று என்னிடம் சொன்னார். நிராகரிப்பைத் தாங்கிக்கொள்ளச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். நிராகரிக்கும் வேலையை ஒருநாள் செய்து பார்த்தது அவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது.

காஸ்டிங் டைரக்டர் நடத்தும் வகுப்பு என்றவுடன் எழும் சந்தேகத்தையும் பேச வேண்டும். பணம் கட்டினால் வாய்ப்பு கிடைக்குமா என்ற ஆசை எங்கள் வகுப்பில் பலருக்கு இருந்தது. எனக்குச் சிறிதும் இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இந்த ஆசையை வைத்துப் பிழைப்பவர்கள் எங்கும் உண்டு. கலிஃபோர்னியாவில் 2009-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஆடிஷனுக்கோ வாய்ப்புக்கோ நடிகர்களிடம் பணம் வாங்குவதைத் தடை செய்கிறது. பயிற்சிப் பட்டறை என்ற பெயரில் காசுக்கு ஆடிஷன் நடத்தியதாக 2017-இல் லாஸ் ஏஞ்சலஸில் பலர் மீது வழக்குத் தொடரப்பட்டது. எங்கள் பயிற்சியாளர் முதல் நாளே, இந்த வகுப்பு ஆடிஷன் அல்ல என்றும், தாம் அப்போது நடிகர்களைத் தேடிக்கொண்டிருந்த படத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை என்றும், யாருடைய புகைப்படத்தையும் தன்விவரத்தையும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். கடைசிவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். இதே போன்ற வேறொரு வகுப்பில், சேரும்போதே புகைப்படத் தொகுப்பை அவர்கள் காட்டும் ஸ்டுடியோவில்தான் எடுக்க வேண்டும் என்று என்னை வற்புறுத்திய அனுபவம் உண்டு. அங்கிருந்து இரண்டாம் வாரமே வெளியேறினேன். ஒரு வகுப்பில் சேருவதற்கு முன், அங்கே வாய்ப்பைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

குறைகளுள் பெரியது எண்ணிக்கை. பதினெட்டுப் பேருக்கு மூன்று மணி நேரம் என்றால், விளக்கங்களும் இடைவேளையும் போக, ஒருவர் கேமரா முன் நிற்பது ஏழெட்டு நிமிடம்கூட வராது. இரண்டாம் வாரத்தில் எனக்கு இரண்டு டேக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். வரிசையில் கடைசியில் இருந்த நான்கு பேருக்கு ஒரு டேக்தான் கிடைத்தது, அவர்களுக்குச் சொல்லப்பட்ட கருத்தும் இரண்டு வாக்கியங்களைத் தாண்டவில்லை. பத்துப் பேரோடு நிறுத்தியிருந்தால் இது வேறு தரத்தில் இருந்திருக்கும். ஏழாம் வாரத்தில் பயிற்சியாளர் தம் படப்பிடிப்புப் பணி காரணமாக வராமல் உதவியாளரை அனுப்பினார். உதவியாளர் நல்ல நடிகை, அக்கறையோடும் நடத்தினார். ஆனால் நாங்கள் வந்தது வேறொருவரின் கண்ணுக்காக. முன்கூட்டியே சொல்லி, அந்த வாரத்தைத் தள்ளி வைத்திருக்கலாம்.

எட்டாம் வாரம் ஒவ்வொருவருக்கும் ஒரு காட்சியை முறையாகப் படம்பிடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே பின்னணி, ஒரே விளக்கு, ஒரே அளவு ஃபிரேம். வாய்ப்பு தேடும்போது காட்டும் நம் நடிப்புத் தொகுப்பான ஷோரீலில் அதைச் சேர்க்க முடியாது. பார்த்தவுடனேயே வகுப்பில் எடுத்தது என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தை இன்னொரு முறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைப்பதற்குச் செலவிட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

குறைந்தது ஓராண்டாவது நாடகத்திலோ முறையான நடிப்புப் பயிற்சியிலோ இருந்துவிட்டு, ஐந்தாறு ஆடிஷன்களாவது கொடுத்துப் பார்த்துவிட்டு இந்த வகுப்பில் சேருங்கள். கேட்பதற்கு உங்களிடம் கேள்விகள் இருக்கும்போதுதான் இங்கே கிடைக்கும் பதில்கள் பயன்படும். சேருவதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மொத்தம் எத்தனை பேர், எட்டு வாரமும் பயிற்சியாளரே வருவாரா, நாம் நடித்த டேக்குகளை நமக்கே தருவார்களா. மூன்றாவதை நான் கேட்காமல் விட்டுவிட்டேன். இரண்டாம் வாரத்தில் எடுத்த அந்த இரண்டு டேக்குகளையும் பிறகு கேட்டு வாங்கச் சற்று அலைய வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வோர் ஆடிஷனுக்கு முந்தைய இரவும், ஒலியை அணைத்துவிட்டு, முதல் டேக்கை ஒருமுறை முழுவதுமாகப் பார்க்கிறேன்.